காந்தத்தின் செவி

யாழைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்பது நமது மண். ஆயினும் யாழ்ப்பாணத்திலே யாழ் இல்லை. அந்த இசைக்கருவி எப்படியிருக்கும் என்று ஒரு சிறுவனைக் கேட்டால், ஏதோ ஓர் இலச்சினையில் கண்ட சித்திரத்தைத்தான் அவன் சொல்வான். சுவாமி விபுலாநந்தர் மறைந்துபோன அக்கருவியைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்து, ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் அதனைக் கற்பித்தவர். அதனாலேயே நரம்பின் நீளத்தையும் சுரத்தின் அதிர்வெண்ணையும் கணக்கிட்டு யாழை நாடினார்.

யாழ் ஏன் மறைந்தது? ஒரு நரம்பு ஒரு சுரத்தையே தரும். அதனை வளைக்கவோ அசைக்கவோ எளிதில் இயலாது. கமகத்தை விரும்பிய செவிகள் வீணையை நாடின என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. காலத்தின் செவி கேட்பதைக் கொடுக்கமாட்டாத கருவி காட்சிச்சாலைக்குப் போகிறது.

இந்த எண்ணத்தை முன்வைத்து நான் எழுதப் புகுவது யாழைப் பற்றி அன்று. அமெரிக்காவிலே பிறந்து வளர்ந்த மின்கிற்றாரைப் பற்றி. இலக்கியப் பக்கத்தில் இந்த ஆரவாரத்துக்கு என்ன இடம் என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுமை காட்டவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகம் கற்பித்தவன் நான். மின்கிற்றாரை நான் அறிந்தது முதலில் பௌதிகத்தாலும் அன்று, இசையாலும் அன்று. எங்கள் வீட்டில் அது ஒன்று இருந்தமையால் அறிந்தேன். என் அம்மானுடையது அது. அமெரிக்க வாத்தியமொன்றைப் பார்த்து யப்பானில் செய்த பிரதி. கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. எழுபதுகளில் அம்மான் ஓர் இசைக்குழுவிலே அதனை வாசித்தார். ஆச்சிக்கு அதைக் கண்ணிற் காட்டக்கூடாது. “உந்தக் கத்துற பலகையைத் தூக்கி அட்டாளையிலை போடு” என்பார்.

‘கத்துகிற பலகை’ என்று ஆச்சி சொன்னது ஏளனமாக. ஆனால் அந்த வாத்தியத்தின் வரலாறு முழுவதும் அந்த இரண்டு சொற்களிலே அடங்கியிருப்பதைப் பின்னாளில் கண்டேன்.

கிற்றார் இயல்பிலே மெல்லிய குரலுடையது. ஸ்பானிய தேசத்தில் விலங்கு நரம்பு பூட்டி, சிறு கூடத்திலே சிலர் சூழ இருந்து கேட்பதற்கென வளர்ந்த கருவி. அமெரிக்காவிலே அதற்கு உருக்குக் கம்பி பூட்டினார்கள், உடலைப் பெரிதாக்கினார்கள். அப்படியும் போதவில்லை. 1920களில் நடன மண்டபங்களிலே எக்காளமும் சாக்சபோனும் முரசும் சேர்ந்து முழங்கியபோது, கிற்றார்க்காரருடைய கை அசைவது தெரிந்ததேயன்றி அவர் வாசித்தது எவர் காதிலும் விழவில்லை.

இதற்கு விடை ஒரு தீவின் வழியாக வந்தது. ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குக்கு என்னும் இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிற்றாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் உருக்குத் துண்டொன்றை வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். நமது கோட்டுவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெருங் கண்காட்சியின் பின் ஹவாய் இசை அமெரிக்கா எங்கும் மோகமாயிற்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்த இசைக்குத் தேவைப்பட்டது உரத்த ஒலி மட்டுமன்று, நீண்ட ஒலியுமாகும்.

அவ்விசையை மேடைகளில் வாசித்துப் பிழைத்தவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் பீச்சம். கிற்றாரின் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பு பொருத்தி ஒலியைக் கூட்டும் முயற்சி 1927இல் தொடங்கியபோது அதிலும் அவருக்குப் பங்கிருந்தது. அதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. பின்னர் கிராமபோன் பெட்டியின் ஊசித்தலையைப் பிரித்துப் பார்த்து, வீட்டு மேசையில் வைத்தே கம்பிச்சுருள்களைச் சுற்றிப் பரிசோதனை செய்தார் என்பர். 1931இல் அவரும் அடொல்வ் றிக்கன்பாக்கர் என்னும் உலோகத் தொழிற்சாலைக்காரரும் சேர்ந்து உருவாக்கிய கருவி மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. வட்டமான சிறு உடல், நீண்ட கழுத்து, எல்லாம் வார்த்த அலுமினியம். அதற்கு ‘பொரிக்கும் சட்டி’ என்று பெயர் வழங்கியது. நம்மூர்த் தாச்சியைப் பிடியோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால் உருவம் விளங்கும்.

1934இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 1937 ஓகஸ்டிலேதான் காப்புரிமை கிடைத்தது. இப்படியொரு பொருள் உண்மையிலே இயங்குமா என்று அதிகாரிகளுக்கு ஐயம். அதைப் போக்குவதற்காக ஹவாய் இசைக்காரர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டச் செய்தார்களாம். கச்சேரி செய்து காப்புரிமை பெற்ற கருவி வேறு உண்டோ அறியேன். அதற்குள் மற்ற நிறுவனங்கள் பார்த்துச் செய்யத் தொடங்கிவிட்டன.

இந்தக் கருவியின் உயிர்நிலை எது என்பதை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். கம்பிகளின் அருகே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. வாத்தியக்காரர் இதனைப் ‘பிக்கப்’ என்பர். காந்தத்தின் அருகிலுள்ள உருக்குக் கம்பி தானும் காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது காந்தப் புலம் குலைகிறது. புலம் குலைய, சுருளிலே மின் எழுகிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. அந்த நுண்ணிய மின்னை விரியலாக்கி பெருக்க, ஒலிபெருக்கி மீண்டும் அதனை ஒலியாக்குகிறது. ஆகவே காந்தம் காற்றிலே வரும் ஓசையைக் கேட்பதில்லை. உருக்கின் அசைவையே கேட்கிறது. நைலோன் கம்பி பூட்டினால் அதற்குச் செவிடு.

1936இல் கிப்சன் நிறுவனம், வழக்கமான மரக் கிற்றாரிலே பிக்கப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. ஒக்லஹோமா நகரில் வறுமையில் வளர்ந்த சார்ளி கிறிஸ்தியன் என்னும் கறுப்பின இளைஞர் அதனைக் கையில் எடுத்தார். 1939இல் பெனி குட்மனின் புகழ்பெற்ற வாத்தியக் குழுவிலே சேர்ந்தார். தாளம் போட்டுப் பின்னால் அமர்ந்திருந்த கிற்றார் முதல் தடவையாக எழுந்து நின்று, எக்காளத்துக்குச் சமமாகப் பேசியது அவர் விரல்களிலேதான். 1942இல் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று, வயது 25. இரண்டரை ஆண்டு வெளிச்சம். கிற்றாரின் வரலாற்றிலே அவ்வளவு குறுகிய காலத்தில் அவ்வளவு செய்தவர் வேறில்லை என்பது என் துணிபு.

ஆனால் ஒரு குறை இருந்தது. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன் கொண்டுபோனால் ‘கூ’ என்று ஊளையிடுமே, அந்த வியாதி. ஒலியைக் கூட்டக் கூட்ட, வயிறு வெறுமையான மர உடல் அந்த ஒலியாலேயே அதிர்ந்து கம்பியைத் தானே ஆட்டத் தொடங்கும். இதனைத் தீர்க்க நினைத்தவர்களுள் லெஸ் போல் குறிப்பிடத்தக்கவர். 1940ஐ ஒட்டி, நியூயோர்க்கில் ஒரு வாத்தியத் தொழிற்சாலை ஓய்ந்திருக்கும் நேரங்களில் அங்கே சென்று, நான்கு அங்குலச் சதுரப் பைன் மரத்துண்டு ஒன்றிலே கம்பியும் பிக்கப்பும் பூட்டினார். அதற்கு ‘மரக்குற்றி’ என்றே பெயர். மேடையில் அதனை வாசித்தபோது எவரும் பொருட்படுத்தவில்லையாம். பிறகு பழைய கிற்றாரின் உடலை இரண்டாகப் பிளந்து குற்றியின் இரு பக்கமும் சிறகு போல ஒட்டிக்கொண்டு போனாராம். அதே ஒலிக்கு அன்று பெருங் கரகோஷம்! நம்மவர்களும் பாதிச் சங்கீதத்தைக் கண்ணாலேதான் கேட்கிறார்கள். கிப்சன் நிறுவனத்தாரிடம் குற்றியைக் கொண்டு சென்றார், நகைத்து அனுப்பிவிட்டார்கள்.

நகைத்தவர்களைத் திடுக்கிட வைத்தவர் கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரிலே றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர். கணக்கியல் படித்தவர், கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். வாத்தியத்தை அவர் கலைப்பொருளாகக் கருதவில்லை. பழுதானால் பிரித்துத் திருத்தக்கூடிய பொருளாகக் கண்டார். 1950இல் அவர் வெளியிட்ட கருவி சாம்பல் மரப் பலகை ஒன்று. அதிலே மேப்பிள் கழுத்து நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டிருக்கும். கழுத்துக் கெட்டால் கழற்றி வேறு பூட்டலாம். ‘புறோட்காஸ்டர்’ என்று பெயரிட்டார்; வேறொரு நிறுவனம் அப்பெயரை முன்னரே தன் முரசுக்கு வைத்திருந்தமையால், மறு ஆண்டு ‘டெலிகாஸ்டர்’ ஆயிற்று. வானொலியின் பெயர் போய்த் தொலைக்காட்சியின் பெயர் வந்ததிலேயே காலமாற்றம் தெரிகிறது. 1951இல் மின் பேஸ் கிற்றாரையும், 1954இல் மூன்று பிக்கப்புகளும் உடலோடு இழையும் வளைவுகளும் கொண்ட ‘ஸ்ட்ராட்டோகாஸ்டரை’யும் வெளியிட்டார். கிப்சன் விழித்துக்கொண்டு, 1952இல் லெஸ் போலின் பெயரிலேயே ஒரு திடவுடற் கிற்றாரைச் செய்தது. அங்கே பணியாற்றிய செத் லவர் என்பவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை வகுத்தார். வீட்டு மின்னோட்டம் அமெரிக்காவில் விநாடிக்கு 60 தடவை, நமது நாட்டில் 50 தடவை முன்னும் பின்னுமாக அலையும். அந்த இரைச்சலையும் சுருள் கேட்டுவிடும். எதிர்த்திசையில் சுற்றிய இரண்டாவது சுருளை, துருவம் மாற்றிய காந்தத்தோடு அருகில் வைத்தால் இரைச்சல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பியின் இசையோ இரட்டிக்கும். வகுப்பிலே நான் கற்பித்த எத்தனையோ பாடங்களுள் இதனைப் போல அழகானது சிலவே.

அதன் பின் நடந்தது பலரும் அறிந்தது. பெண்டர் 1965இல் தமது நிறுவனத்தை 1 கோடி 30 இலட்சம் டொலருக்குச் சீ.பீ.எஸ். என்னும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் விற்றார். கிப்சன் கைவிட்டிருந்த லெஸ் போல் கிற்றாரை ஆங்கில இளைஞர்கள் விரும்பித் தேடியதால் 1968இல் மீண்டும் செய்ய நேர்ந்தது.

அழுத்திச் சொல்லவேண்டியது வேறொன்று. அமெரிக்கர் தேடியது உரத்த ஒலி, கண்டெடுத்ததோ கார்வை. வெறும் வயிற்று மரக் கிற்றாரிலே, கம்பியின் வலுவை மேற்பலகை வாங்கி உடனே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒலி பிறந்தவுடன் தேயத் தொடங்குகிறது. திடமான பலகை அவ்வாறு வாங்குவதில்லை. ஆகவே கம்பி நெடுநேரம் அசைகிறது. காந்தம் கடைசி அசைவு வரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. மீட்டியவுடன் மடியும் கருவி, ஊதுகருவியைப் போல நின்று பாடும் கருவியாயிற்று. குறைகளும் குணமாயின. 1951இல் மெம்பிஸ் நகரில் ஒரு பாடற் பதிவின்போது, பழுதான ஒலிபெருக்கியின் கூம்பிலே காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரத்த குரலே பிறகு பலர் விரும்பித் தேடிய குரலாயிற்று. பொறியியலாளர் அஞ்சிய ஊளையைக் கூட, 1969இல் வூட்ஸ்டொக் பெருவிழாவில் ஜிமி ஹென்ட்றிக்ஸ் தமது நாட்டுத் தேசிய கீதத்தினுள் வைத்து வாசித்துவிட்டார்.

கார்வையும் கமகமும் நமக்குரிய செல்வங்கள். அதனாலேதான் இக்கருவி நம்மிடம் வந்தபோது வெறும் அந்நியனாக நிற்கவில்லை. ஆங்கிலக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லின் அமெரிக்காவிலே எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். பின்னர் தமது கிற்றாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைவித்து, வீணையில் இழுப்பதுபோலத் தந்தியை இழுத்து வாசித்தார். எழுபதுகளின் நடுவில் அவர் அமைத்த ‘சக்தி’ குழுவிலே வயலின் வாசித்தவர் எல். சங்கர். இந்தப் பெயரைக் கேட்டு யாழ்ப்பாணத்தார் சற்று நிமிர்ந்து உட்காரலாம். அவருடைய தந்தையார் வி. லக்ஷ்மிநாராயண ஐயர் நம்மூரில் இசை கற்பித்தவர். மக்கள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் வயலின் கையுமாக இங்கே வளர்ந்தவர்கள். 1958 கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பிற்று. அந்தச் சங்கரே 1980ஐ ஒட்டி, பத்துத் தந்தியும் இரு கழுத்தும் கொண்ட மின்வயலின் ஒன்றை வகுத்தார். அதனைச் செய்து கொடுத்தவர் கென் பார்க்கர் என்னும் அமெரிக்கக் கிற்றார்த் தச்சர். 1993இல் ‘பார்க்கர் பிளை’ என்ற புதுமையான மின்கிற்றாரை வெளியிட்டவரும் அவரே. யாழ்ப்பாணத்தில் முதற் சுரம் கேட்ட ஒரு செவி, அமெரிக்கத் தச்சரின் கையை நடத்தியது என்று எண்ணுவதில் எனக்கொரு சிறு பெருமை உண்டு. சென்னையில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினிலே கீர்த்தனைகளை வாசித்துச் சாதித்ததும், சுகுமார் பிரசாத், பிரசன்னா முதலியோர் மின்கிற்றாரிலே கச்சேரி செய்ததும் இதே வழியிற்பட்டவை.

நமது தீவிலே கிற்றார் பைலாப் பாட்டோடும் தேவாலயத்தோடும் சேர்த்து எண்ணப்பட்டது. கிளாரன்ஸ் விஜேவர்தன அறுபதுகளில் சிங்கள மெல்லிசையிலே மின்கிற்றாரைக் கொணர்ந்தார். உரும்பிராய் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய ‘சின்ன மாமியே’ தமிழ்ப் பொப்பிசைக்கு வாயில் திறந்தது. பண்டிதர்கள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.

என் அம்மானும் கலியாண வீட்டிலும் திருவிழா மேடையிலும் சினிமாப் பாட்டுத்தான் வாசித்தார். ஆனால் அவருடைய செவி வேறிடத்தில் வளர்ந்தது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்கக் கோயில் கோயிலாக நடந்தவர் அவர். இரவில், குழுவினர் போன பிறகு, விரியலாக்கியைத் தணித்து வைத்து, ஒரே சுரத்தை மீட்டி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத் தோடியின் காந்தாரத்தைத் தேடுவார். சில நாள் அகப்படும். பல நாள் அகப்படாது.

1990ஆம் ஆண்டின் நடுவில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லாதாயிற்று. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்துப் படித்த மாணவர்களுக்கு நான் மின்னியல் கற்பித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டோம். அம்மானுடைய கிற்றார் ஊமையாயிற்று. மின்னில்லாத திடவுடற் கிற்றாரை மீட்டினால் நுளம்பு பறப்பது போன்ற ஓசைதான் வரும். அதன் உயிர் முழுவதும் சுவரிலிருந்த துளைக்குள் இருந்தது என்பதை அப்போதுதான் கண்டோம்.

ஒருநாள் மாலை, பழுதான வானொலி ஒன்றின் விரியலாக்கிப் பகுதியைப் பிரித்து, நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் சேர்த்து, டைனமோவுடன் இணைத்தேன். அறுந்துபோயிருந்த மேற்கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்தெடுத்த உருக்கு இழையைப் பூட்டியிருந்தார் அம்மான். காந்தத்துக்கு அது போதும். உருக்காக இருந்தாற் சரி. நான் பெடலைச் சுற்ற, அவர் மீட்டினார். சிறு ஒலிபெருக்கியிலிருந்து குரல் எழுந்தது. என் கை தளர்ந்தால் குரல் கரகரத்துத் தாழ்ந்தது. வேகமாகச் சுற்றினால் தெளிந்து உயர்ந்தது. டைனமோவிலே சுழலும் காந்தமும் சுருளும்; பிக்கப்பிலே அசையும் கம்பியும் சுருளும். ஒரே விதி, இரு முனையிலும். இடையிலே என் கை. “கொஞ்சம் நிக்கட்டும், விடாதை” என்றார் அம்மான். ஒரு காந்தாரத்தை நிறுத்திப் பிடிப்பதற்காக நான் மூச்சு வாங்கச் சுற்றினேன். ஆச்சி அடுக்களை வாசலில் வந்து நின்றார். அன்று அட்டாளையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தபோது எங்கள் வீடும் பூட்டப்பட்டது. கையிலெடுத்த மூட்டைகளுள் கிற்றார் இல்லை. அதனை அட்டாளையிலே போட்டோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரையில் ஓட்டை. கழுத்து முறிந்து, பலகையைக் கறையான் அரித்திருந்தது. அம்மான் அதனைத் தூக்கித் தட்டினார். கதவில் இருந்து விழுந்த ஆணி ஒன்றை எடுத்துப் பிக்கப்பின் அருகே கொண்டுபோனார். அது பற்றிக்கொண்டது. அதன் பிறகு அவர் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை.

அந்தப் பிக்கப்பைக் கழற்றிப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். மின்சாரம் திரும்பி வந்த பின் ஆண்டுதோறும், தூண்டற் பாடத்தின்போது, உருக்கு இசைக்கவை ஒன்றைத் தட்டி அதன் மேலே பிடிப்பேன், ஒலிபெருக்கி பாடும். நான் ஓய்வு பெற்ற ஆண்டிலே பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, “சேர், பித்தளைக் கம்பி பிடிச்சா?” என்று கேட்டான். பிடித்துப் பார் என்று அவன் கையிலேயே கொடுத்தேன். ஒலிபெருக்கி பேசவில்லை. அவன் விடவில்லை, மேசையில் கிடந்த சைக்கிள் வயர் ஒன்றை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினான்.